வெள்ளையடிக்காத சுவர்

சுகுணாவுக்கு,

வழக்கில் ஜெயித்துவிட்டோம். தர்மபுரி நுகர்வோர் கோர்ட்டில் நேற்று தீர்ப்பு வந்தது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடனைக் கட்டி முடித்த பிறகும் அபராத வட்டி கேட்டு, ‘இந்த வீடு ஏலத்துக்கு’ என்று ஃபைனான்ஸ்காரர்கள் நம் சுவரில் சிவப்புப் பெயிண்டில், கீழே ஒரு போன் நம்பரோடு எழுதினார்கள். பொங்கலுக்குக்கூட அதன்மேல் வெள்ளையடிக்க நான் விடவில்லை. “புளி வாங்க வர்றவங்க எல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்க. உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டு மொரப்பூருக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனாய்.

கோர்ட்டில் அவர்கள் வக்கீல், “நாங்க எதுவும் எழுதலீங்க” என்றார். “வூட்டுச் செவுத்துல இன்னும் அப்படியே இருக்குதுங்க, வந்து பாருங்க” என்றேன். பார்த்துவர நீதிபதி ஒரு வக்கீலை அனுப்பினார். சுவரில் இருந்த எண்ணுக்கு அவர் அங்கேயே நின்று போன் போட்டார். எடுத்தவர் கம்பெனி மேனேஜர்.

அதே மேனேஜர் இன்று கடைக்கு வந்து, “நாங்க அப்பீல் போகலீங்கண்ணா, பேசி முடிச்சுக்கலாம்” என்றார். நானும் வியாபாரிதானே, பேசினேன். முடிவு இதுதான்: வீட்டுப் பத்திரம் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். நஷ்டஈடு ஒரு லட்சம். சுவருக்கு அவர்கள் செலவிலேயே வெள்ளையடிப்பார்கள், நீ வந்து வாசலில் நின்ற பிறகு.

உன் வீட்டுக்காரன்