மூன்றாந்தரம் வாசித்தார்கள்

கார்த்திகை 3, திங்கள்

உருத்திரபுரம் முழுக்க மழை. விதைத்த வயலில் தண்ணீர் நிற்கிறது. விளக்கேற்றித் தேவாரம் பாடினேன், பாதியில் வரி மறந்துபோனது.

இவர் மெல்பேர்ணில் இருந்து போன் எடுத்தார். வள்ளத்தில் போய்ப் பதின்மூன்று வருஷம். இன்னும் தற்காலிக விசாக் கடதாசிதான். வள்ளத்தில் வந்தவர்களைப் பற்றி அந்த நாட்டு அரசாங்கம் கொண்டுவந்த சட்டமூலம் இந்தக் கிழமை செனற் என்கிற மேல்சபைக்கு வருகிறதாம். கீழ்ச்சபை ஏற்கெனவே ஓம் சொல்லிவிட்டது. செனற்றும் சொன்னால் இவரைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பலாம். நாங்கள் பெயரே கேட்டிராத வேறொரு நாட்டுக்கும் அனுப்பலாம். அப்படி நிறைவேறினால், குடிவரவுக் கந்தோரில் வழக்கமாக வைக்கிற கையெழுத்துக்குத் தனியே போகவேண்டாம், தன்னைக் கூப்பிட்டால் தானும் கூட வருவேன் என்று லோயர் சொல்லியிருக்கிறாராம்.

"எனக்குப் பாக்க ஏலாது, சுதா. வேலையிலை போனும் விடாங்கள். நீர் பாத்துச் சொல்லும்."

நாள் முழுக்க இறைச்சி வெட்டுகிற வேலை அவருக்கு. பார்க்கிறேன் என்றேன். இடப்பெயர்வோடு படிப்பு நின்றவள் நான். அகராதியை வைத்துத் தனிய இருந்து படித்த இங்கிலீசு. என்ன துணிவில் சொன்னேன்?

கார்த்திகை 4, செவ்வாய்

பள்ளிக்கூடம் போக முன்னம் மகள் மேனுகா செனற் சபை நடப்பதை என் போனில் எடுத்துத் தந்தாள். சிவப்புக் கம்பளம், சிவப்புக் கதிரைகள். அரைவாசிக்கு மேல் வெறுங்கதிரை. ஒருவர் நின்று கதைக்கிறார். மற்றவர்கள் போன் பார்க்கிறார்கள். மீன்பிடி பற்றி இரண்டு மணித்தியாலம். எங்கள் சட்டம் வரவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

"அம்மா இனி எலெக்சன் கேக்கலாம்" என்று மகள் பகிடி பண்ணினாள். பிறகு மெதுவாக, "அப்பா வந்தா நல்லதுதானே?" என்றாள். அவர் போகும்போது இவளுக்கு இரண்டு வயது.  வந்து இறங்குகிற விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

கார்த்திகை 5, புதன்

இன்றும் வரவில்லை. நாளை என்கிறார்கள்.

கார்த்திகை 6, வியாழன்

காலை எட்டரைக்குத் தொடங்கியது. அங்கே மத்தியானம் கழிந்த நேரம். ஒரு பெண் உறுப்பினர் எழும்பி யாரோ ஒரு தாயின் கடிதத்தை வாசித்தார். பிள்ளைகள் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. எதிரில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

பிறகு மணி. விடாமல் அடிக்கிற மணி. அதற்குத்தான் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஓம் என்பவர்கள் சபைத் தலைவரின் வலக்கைப் பக்கம், இல்லை என்பவர்கள் இடக்கைப் பக்கம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், நெல்மூட்டை எண்ணுகிற மாதிரி, நாலு கோடும் குறுக்கே ஒரு கோடுமாகத் தலைகளை எண்ணினேன். படம் இரண்டு தரம் நின்றது. வலப்பக்கம்தான் அதிகம். 

ஆனால் கீழே ஓடின எழுத்தை நிறுத்தி அகராதியில் பார்த்தேன். சட்டமூலத்தை மூன்றாந்தரம் வாசிக்கலாமா என்பதுதான் கேள்வி. வாசிக்கத்தானே கேட்டார்கள்! ஒருவர் எழும்பி ஒரு வரி வாசித்துவிட்டு இருந்தார். அவ்வளவுதான். கோயிலில் புராணம் படிக்கும்போதும் ஒருவர் வாசிப்பார், அடுத்தவர் அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்லுவார். பயன் சொல்லாமல் படிப்பு முடியாது. இங்கே பயன் சொல்ல ஒருவரும் எழும்பவில்லை. உடனே பால்பண்ணைக் கதைக்குப் போய்விட்டார்கள். அப்படியென்றால் முடிவு இன்னும் இல்லை.

இவருக்குக் குரல் பதிந்து அனுப்பினேன்: "வாசிச்சவை மட்டுந்தான். முடிவெடுக்கேல்லை. பயப்பிடாதேங்கோ."

வேலை முடிந்து கேட்டிருக்கிறார். "அப்ப இண்டைக்கு நித்திரை கொள்ளுவன்" என்று மறுமொழி வந்தது. மேனுகாவுக்கும் இன்னும் முடிவில்லை என்றேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

கார்த்திகை 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

இன்று இவர் கையெழுத்து வைக்கிற நாள். தனியே போயிருக்கிறார். சட்டம் வியாழக்கிழமையே நிறைவேறிவிட்டதாம். மேசையில் ஒரு கடதாசி வைத்திருக்கிறார்கள். விருப்பத்தோடு ஊருக்குப் போகிறேன் என்று எழுதியிருந்ததாம். இல்லாவிட்டால் வேறு நாடு. லோயர் பக்கத்தில் இல்லை. கையெழுத்தை வைத்துவிட்டார்.

"விடும், சுதா. எனக்கும் களைச்சுப்போச்சு" என்றார்.

மேனுகாவிடம் கேட்டேன். "அம்மா, மூண்டாம் வாசிப்பு எண்டா நிறைவேறினது. எங்கடை குடியியல் புத்தகத்திலையே கிடக்கு."

பட்ஜெட் நேரம் வருஷா வருஷம் ரேடியோவில் சொல்லுகிற சொல். குசினியில் சமைத்துக்கொண்டு நின்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். காதில் விழுந்தது மண்டையில் விழவில்லையே. ஐயோ, நான்தானே சொன்னனான். என்ரை வாயாலை நான்தானே அந்த மனுசனைத் தனிய அனுப்பினனான்—

கார்த்திகை 11

கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை.

கார்த்திகை 19, புதன்

விமான ரிக்கெற் போட்டுவிட்டார்களாம். அயல்வீட்டுச் சங்கிலியண்ணையின் மகனும் இப்படித் திரும்பி வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் விடியும்வரை இருத்தி வைத்துக் கேட்டவர்கள். ஆரோடு போனாய், ஆர் அனுப்பினது, அங்கே ஆரோடு பழக்கம். இவரிடம் அதைச் சொல்லவா, விடவா?

நான் பிழையாகச் சொன்னதைப் பற்றி இவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஏசினாலாவது பரவாயில்லை.

மார்கழி 8, திங்கள்

விமானம் பத்தரைக்கு இறங்கியது. இப்போது நாலரை. போன் வேலை செய்யவில்லை. மேனுகா ரோட்டைப் பார்த்தபடி வாசல் படலையடியில் நிற்கிறாள், வரச் சொன்னாலும் வருகிறாளில்லை.

ஏழரை. இன்னும் இல்லை. முருகா.

மார்கழி 9, செவ்வாய்

விட்டுவிட்டார்கள். வவுனியாவில் பஸ் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரை. மேனுகா "வாங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆரோ விருந்தாளி வந்ததுபோல் கதிரையை இழுத்துப் போட்டாள். அவரும் "தாங்ஸ்" என்று சொல்லி இருந்தார்.

மார்கழி 12, வெள்ளி

காலையில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன வருஷம் எல்லாம் எழுதினார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். எத்தனை நாள் நிற்பார் என்று என்னிடம் கேட்டார்கள். இது அவருடைய வீடு என்றேன். அதையும் எழுதினார்கள். நாளைக்கும் வருவார்களாம்.

அவர்கள் போன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அந்த வாசிப்பைப் பிழையாக விளங்கிச் சொன்னதை அவருக்கு முன்னால் நின்று சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், சுதா. வேலையிலை பெடியள் சொன்னவங்கள்."

பிறகு ஏன் தனியே போனீங்கள் என்றேன்.

"லோயர் வந்தா இன்னும் ரெண்டு வருஷம் இழுப்பார். அதுக்குப் பிறகு எங்கை அனுப்புவாங்களோ. இஞ்சை எண்டா நான் இருக்கிற இடமாவது உங்களுக்குத் தெரியும்."

மெய்யாகத்தான் சொல்கிறாரா, என் மனம் ஆறச் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் பழகவில்லை.

நாளைக்குப் படலையைச் சாத்தி வைப்போமா என்று கேட்டேன். சாத்தினால் ஒளிக்கிற மாதிரி இருக்கும் என்றார். திறந்து விட்டிருக்கிறோம்.