பியர் வண்டி ஏறிய தெரு

8 மே 2007, செவ்வாய். மழை.

குட்டான், உன் வேலையிடத்து ஆட்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

தேவன் வந்தான், குடை சொட்டச் சொட்ட. சாப்பாட்டுக்கடையில் உன்னோடு ஒரே அடுப்படியில் ஒன்பது வருடம் நின்ற பிள்ளை. கதிரையில் இருக்காமலே சொன்னான்: "அக்கா, அண்ணை போன வருசம் எழுதின பேர் லிஸ்ட் இன்னும் குளிர்பெட்டியில ஒட்டியிருக்கு. பியர் வண்டிக்கு."

பியர் வண்டி என்றால் நடுவில் பீப்பாய், சுற்றிவர சைக்கிள் இருக்கைகள். எல்லாரும் மிதித்தால்தான் நகருமாம். ஓட்டுபவன் மட்டும் குடிக்கக்கூடாது. பழைய நகரத்தைச் சுற்றி இரண்டு மணித்தியாலம். உன் யோசனைதானாம். பத்துப் பேர் வேண்டும், ஒன்பது பேர் இருக்கிறார்கள். பத்தாவது பெயர் உன்னுடையது. அதை வெட்ட ஒருவருக்கும் கை வரவில்லையாம்.

"நான் குடிக்கிறேல்லை, தேவன்."

"குடிக்க வேண்டாம், மிதியுங்கோ."

"சைக்கிளே ஓடத் தெரியாது எனக்கு."

"இது விழாதக்கா. விழுந்தா பத்துப் பேரும் சேர்ந்துதான் விழுவம்."

ஒன்று மட்டும் கேட்டேன். நீ விழுந்து செத்துப்போன தெருவால் வண்டி போகக்கூடாது. ஆறு மாதமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. தெருவின் பெயர் பொலிஸ் கடதாசியில், அலுமாரிக்குள்.

நாளை முதியோர் இல்லத்தில் காலை வேலை. முட்டை முடிந்துவிட்டது.

13 மே, ஞாயிறு. வெயில், காற்று.

தேவனும் ஹைக்கவும் வந்தார்கள். ஹைக்க உங்கள் அடுப்படிக்குப் பெரியவள். தேநீருக்கு மூன்று கரண்டி சீனி. நூர்ன்பெர்க் தெருப்படத்தை மேசையில் விரித்து, சிவப்புப் பேனையால் வழி கீறினார்கள். என் பங்கு:

ரோல்ஸ் நாற்பது. பாதி மரக்கறி.
கடதாசித் துடைப்பான்.
மழைச் சட்டை.
தட்டைச் செருப்பு.

பொலிஸ் கடதாசியைக் காட்டி, இந்தத் தெரு எங்கே என்றேன். ஹைக்க பேனையை வைத்துவிட்டாள். மேலே, கோட்டைப் பக்கம். வண்டி அங்கே போகாது, பயப்படாதே என்றாள்.

வீட்டுக்கு வருகிற ட்ராம்? கீழே, ஸ்ரேசன் பக்கம். உங்கள் சாப்பாட்டுக்கடை இரண்டுக்கும் நடுவில். விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று தரம்.

அன்று மூன்றரைக்குப் போனில் நீ சொன்னது: "அக்கா, ட்ராம் ஏறப் போறன், சோத்தைப் போட்டு வையுங்கோ." செத்தவீட்டில் அதைச் சொல்லித்தான் அழுதேன். என் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை என்று. வந்தவர் போனவர் எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன்.

ட்ராம் கீழே. நீ மேலே விழுந்து கிடந்திருக்கிறாய்.

"தேவன், அவன் ஏன் அங்கை போனவன்?"

"தெரியாதக்கா. வீட்டை போறன் எண்டுதான் எங்களுக்கும் சொன்னவர்." என் முகத்தைப் பார்க்காமல் படத்தை மடித்தான்.

16 மே, புதன். மழை.

நாலு மணிக்கு இன்றும் படியில் காலடி. கடைசிப் படியை நீ எப்போதும் தாண்டித்தான் வைப்பாய். அப்படியே கேட்டது. கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. கோப்பையில் சோறு போட்டு வைத்திருந்தேன், வழக்கம்போல.

இத்தனை நாளும் இதற்கு நான் பயந்ததில்லை. இன்று பயம். படியேறி வருவது என் தம்பியா, நான் அறியாத ஆளா?

தேவனுக்குப் போன். "அந்தத் தெருவாலயே விடச் சொல்லும்."

"அக்கா, விசரே? அது ஏத்தம். குடிவெறியில பத்துப் பேரும் ஏத்தத்தில மிதிக்கிறதோ?"

"அப்ப முதல் அங்கை போவம். குடிக்க முந்தி."

சிரித்துவிட்டான். பிறகு, "ஹைக்கவோட கதைக்கிறன்" என்றான்.

ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மூன்று கிலோ. கால் வீக்கம் குறையவில்லை.

21 மே, திங்கள். முகில். மழை இல்லை. கடை பூட்டுகிற நாள், அதனால் எல்லாரும் வந்தார்கள்.

உன் இருக்கையில் என்னை ஏற்றினார்கள். கால் எட்டவில்லை. தேவன் இருக்கையைப் பதித்துவிட்டான். முதல் உன் தெருவுக்குத்தான், குடிக்க முந்தி. ஏற்றத்தில் நடக்கிற ஆள் எங்களை முந்திப் போகிறார், அவ்வளவு மெதுவு. கடைப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பூட்டுத் திறப்பு வெட்டுகிற கடை. மூக்குக்கண்ணாடி. முடி வெட்டுகிற இடம். மற்றவர்கள் பாட்டு.

பொலிஸ் கடதாசியில் எழுதியிருந்த மருந்துக்கடை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. வண்டியும் நின்று பின்னால் வழுக்க, ஓட்டுபவன் பிரேக்கை இழுத்தான்.

"மிதியுங்கோ அக்கா!" பிறகுதான் தேவனும் பலகையைப் பார்த்தான்.

சத்தத்துக்கு ஏச வந்தாள் மருந்துக்கடைப் பெண், வெள்ளைக் கோட்டோடு. தேவன் இறங்கிப் போய் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் வந்து என் கையைப் பிடித்தாள். அன்று அம்புலன்ஸுக்குப் போன் அடித்தது அவளாம். உன்னைத் தெரியுமாம். பெயர் தெரியாது, செவ்வாய்க்கிழமை மனிதர் என்பார்களாம். செவ்வாய்தோறும் மூன்று மணிபோல ஒரு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு மேலே ஏறுவாராம். அரை மணியில் அதைக் கையில் ஆட்டிக்கொண்டு இறங்குவாராம், கடைக் கண்ணாடிக்குக் கை காட்டுவாராம். அன்றும் இறங்கி வரும்போதுதான் விழுந்தார் என்றாள். அன்று மட்டும் கையில் பெட்டி இல்லையாம்.

என் கரியர். செவ்வாயில் மூன்று தட்டும் நிறையக் கட்டச் சொல்வாய், அடுப்படியில் எல்லாரும் பங்கிட என்று. தேவனைக் கேட்டேன்.

"செவ்வாயில நாங்கள் ஒருநாளும் உங்கட கறி சாப்பிடேல்லையக்கா."

ஆஸ்பத்திரியில் தந்த பையில் கரியர் இல்லை. வேலையிடத்தில் கிடக்கும் என்று நானும் தேடவில்லை.

அப்படியென்றால் நீ இறங்கித்தான் வந்திருக்கிறாய். ட்ராமுக்குத்தான். என் சோற்றுக்குத்தான். அது பொய்யில்லை.

தெரு வளைகிற இடம் வரை நடந்து போனேன். வண்டி எனக்காக நின்றது. வளைவுக்கு அப்பால் நீ எங்கே போவாய் என்று அவளுக்குத் தெரியாதாம். இரண்டு பக்கமும் கதவுகள். மணிகளில் பெயர்கள், எல்லாம் ஜேர்மன் பெயர்கள். உள்ளே யாரோ ஆறு மாதமாகச் செவ்வாயில் காது கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். நீ செத்தது அவர்களுக்கு யார் சொல்வது?

திரும்பும்போது மீன் வாங்கினேன். நாளை செவ்வாய். சமைத்துவிடுவேன், கொண்டுபோயும் விடுவேன்.

எந்தக் கதவடா, குட்டான்?