சங்கத்து மாடி அறை

ஜனவரி 22, 2024

என் வீட்டுக்காரர் மூன்று ஓட்டில் தோற்றுவிட்டார். நல்லூர் சிறு தையல் கம்பெனிகளின் சங்கத்துக்கு இனி குகன்தான் தலைவர். இவருடைய சொந்தத் தாய்மாமன் மகன். அந்தப் பெயரையே வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதாம்.

செல்லாத ஓட்டு ஐந்து. ஐந்தும் தனக்கு விழுந்ததுதான் என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். போகட்டும்.

ஜனவரி 24

இன்று கல்லூரியில் நடத்தியதை வீட்டில் சொன்னது என் தப்பு. இரண்டாயிரமாவது வருட அமெரிக்க அதிபர் தேர்தல். ஒரே மாநிலத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தோற்றவர், தீர்ப்பு தவறு என்று சொல்லிக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

இவர் காதில் நீதிமன்றம் மட்டும் விழுந்தது. “அங்கயே கோர்ட்டுக்குப் போயிருக்கறாங்க. நான் போனா என்ன?”

கடைசியில் விட்டுக்கொடுத்ததை மறுபடி சொன்னேன்.

“நீ ஆரு பக்கம்?”

யார் பக்கமா? சங்கத்து மாடி அறையில் தையல்காரப் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாளே, விருதுநகர்ப் பக்கத்து ராமுத்தாய் — அவள் பக்கம். குகன் அந்த அறையைக் குடோன் ஆக்கப் பார்க்கிறான். அறை குழந்தைகளுக்கே என்று சொல்லித்தான் இவர் தேர்தலில் நின்றார். அதற்காகத்தான் நான் படியேறிப் படியேறி ஓட்டுக் கேட்டேன். இவர் மூஞ்சிக்காகவா?

பிப்ரவரி 9

வழக்குப் போட்டாயிற்று. கோயிலில் குகனின் அம்மா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 20

வகுப்பில் 1876 அமெரிக்கத் தேர்தல். சில மாநிலங்களில் இரண்டு கட்சியும் ‘நாங்களே ஜெயித்தோம்’ என்றன. ஒரு குழு அமைத்தார்கள். அதிலும் ஒரே ஓட்டில் முடிவு. தோற்ற கட்சி சும்மா விடவில்லை — முடிவை ஏற்க ஒரு பேரம். தெற்கு மாநிலங்களில் மிச்சமிருந்த ராணுவக் காவல் விலக்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு அங்கே வேறு துணை இல்லை. பிறகு அவர்கள் ஓட்டுரிமையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோனது.

முன்வரிசைப் பிரியங்கா எழுந்தாள். “பேரம் பேசறப்ப அவங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா மேம்?”

இல்லை என்றேன்.

மார்ச் 3

குகன் வீட்டுக்கே வந்தான். நான் காபி போட வேண்டியதாயிற்று. இவர் வழக்கை வாபஸ் வாங்குகிறாராம். பதிலுக்குப் பொருளாளர் பதவி. ஆறு வாரம் ஒருவரையொருவர் திருடன் என்றவர்கள் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள்.

மாடி அறை என்னவாயிற்று என்றேன். சிரிப்பு நின்றது.

“அது சின்ன விசயம் வினிதா. பேசி முடிச்சாச்சு” என்றார் இவர்.

“ஆருகிட்டப் பேசுனீங்க?”

உள்ளே போகச் சொன்னார். போனேன். ஏன் போனேன்?

மார்ச் 5

போய்ப் பார்த்தேன். ராமுத்தாய் தொட்டில் சேலைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் குகனின் துணி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

“கடைசில யாரு டீச்சர் ஜெயிச்சது?”

“ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்க.”

அவள் ஆச்சரியப்படவில்லை.

மார்ச் 6

பொருளாளர், தேடி வருகிறவர்களைப் பார்க்க எங்கள் வீட்டு முன்னறையில் புது மேசை, நாற்காலி போட்டிருந்தார். இரண்டையும் நானும் ராமுத்தாயும் வாசலுக்குத் தூக்கிவிட்டோம். உத்தரத்தில் நாலு தொட்டில் கட்டியாயிற்று. ஒன்றில் குழந்தை தூங்குகிறது.

அவர் வண்டிச் சத்தம் கேட்கிறது. வரட்டும்.