பீடம் வரைக்கும் நடந்து பார்த்தோம்

அம்பத்தூர்
22.3.1998, ஞாயிறு

அன்பு மகள் ஞானகுமாரிக்கு அப்பா ஆசீரோடு எழுதுவது. என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இத்தனை நாளும் முதல் வரியில் முழங்காலையும் சேர்த்துத்தான் சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன், இனி அந்தக் கதை உன்னிடம் செல்லாது என்று தெரிந்துபோயிற்று.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நானே பிரித்துப் படித்துவிட்டு அவளிடம் கொடுக்காமல் பனியனுக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன், அந்த நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் அவளால் வந்த வினைதானே. நீ எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்யும்போதெல்லாம் அப்பா ஜம்மென்று நடக்கிறார் என்று முட்டி ஆபரேஷன் ஆன நாளிலிருந்து பத்து மாதமாக நான் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிவந்தவள், விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்ததும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். ஏன் லூர்து இப்படிச் செய்தாய் என்று கேட்டால், தவக்காலத்துல என்னால பொய் சொல்ல முடியாதுங்க, வேணும்னா ஈஸ்டருக்கு அப்பறம் மறுபடியும் சொல்றேன் என்கிறாள். இவளோடு முப்பத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன் பார்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது, நீயும் நாலு பக்கம் அழுது எழுதிவிட்டாய். அப்பா, நான்தான் பிடிவாதம் பிடித்து உங்களை ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்தேன், நர்ஸாக இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே, கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம், அதற்குள் வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், நோவில்லாத அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கோயிலுக்குள் நடப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதியதிலேயே என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் பேச்சுதான். பால்ராஜ் தம்பி ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருக்கிறார். ஆவடியில் அவருடைய அம்மா இப்போதே பந்தலுக்கு ஆள் பார்த்துவிட்டார்கள். என் ஒரு முட்டிக்காக இரண்டு வீட்டுச் சந்தோஷத்தை நிறுத்திவைக்கலாமா ஞானம்? உனக்கு நல்ல அடி போட வேண்டும், தூரத்தில் இருப்பதால் தப்பித்தாய்.

இனி மறைக்கப்போவதில்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், நீ வார்டில் கேட்டு எழுதிக்கொள்வது போல எழுதிக்கொள். நாற்காலியை விட்டு எழுந்ததும் முதல் பத்து அடிதான் மோசம், முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டாற்போல எரியும். அப்புறம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கால் மணி நேரம் நடந்தால் மறுபடியும் சூடேறிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் பாடு. தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை, அங்கே கொசு கடித்தாலும் எனக்குத் தெரியாது, அது ஒரு லாபம். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் என் கால் வில்லாய் வளைந்து, நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்குக்கூட நான் போக முடியாமல் கிடந்ததை நீ மறந்துவிட்டாயா? அம்மா என்னை எழுப்பிவிட்டு தன் முதுகைப் பிடித்துக்கொண்டாளே. இன்றைக்குக் கால் நேராக இருக்கிறது, என் பாரத்தைத் தாங்குகிறது. நோவு மட்டும் போகவில்லை. ஆகவே நீ எனக்குக் கெடுதல் செய்துவிட்டாய் என்று இன்னொரு தரம் எழுதினால் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டாக்டரிடம் நாலு தடவை போனேன். போகும்போதெல்லாம் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்பார். இருபத்தெட்டு வருஷம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கேஜும் மைக்ரோமீட்டருமாக இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார்ந்தவன் நான், அளவு சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அளவு சரியென்றால் நோவு என் மனப்பிரமைதான் என்று நானே முடிவுகட்டி, புது மெஷினை ஆரம்பத்தில் ஓட்டிப் பழக்குவது போல முட்டியையும் பழக்கிவிடலாம் என்று பிசியோதெரபி பெண் சொன்னதற்கு இரண்டு மடங்கு நடந்தேன். இது நான் செய்த முட்டாள்தனம், யார் மேலும் பழி இல்லை. முட்டி பலாப்பழமாய் வீங்கிப்போயிற்று. அப்போதுதான் உத்தமன் வந்தான். உனக்கு நினைவிருக்கும், எங்கள் கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் இருந்தவன், பெரிய மீசை, கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய விழாவுக்குத் தகர டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தானே, அவன்தான். என் காலைப் பார்த்துவிட்டு சைக்கிள் பையிலிருந்து பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அம்மா ஐயோ என்று ஓடிவருகிறாள், அவன் அதற்குள் முனையை என் முட்டிச் சில்லில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, காலை மடக்கு, நீட்டு, மடக்கு என்கிறான். மெஷின் ஓடும்போது பேரிங்கில் சத்தம் வருகிறதா என்று நாங்கள் பார்க்கிற வழி அது. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டான். சத்தம் ஒண்ணும் இல்ல அண்ணாத்தே, ஆனா நோவுதுன்னு நீ சொன்னா நோவுதுதான், உன் காலு உனுக்குத் தெரியாதா என்றான்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏனென்றால் எண்பத்து நாலில் இதே உத்தமன் என் மேசைக்கு மூன்று முறை வந்து, மெஷின்ல இன்னாவோ உதறுது, கையி நோவுது அண்ணாத்தே என்று சொன்னான், மூன்று முறையும் நான் அவன் செய்த பீஸை அளந்து பார்த்து அளவு சரி, போய் வேலையைப் பார் என்று திருப்பி அனுப்பினேன். அவன் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இப்போது அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன், அத்த வுடு, அதான் மறுவருஷம் பேரிங்கு பூட்ச்சே, புதுசு போட்டாங்களே என்று சிரிக்கிறான். அவன் தந்த தைரியத்தில்தான் நாலாவது தடவை டாக்டரிடம் போய், ஐயா உங்கள் எக்ஸ்ரே சரி, என் நோவும் சரி, இரண்டுக்கும் நடுவில் என்ன என்று கேட்டேன். அந்த மனிதர் நல்லவர் ஞானம். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரத்தமெல்லாம் சோதித்தாயிற்று, கிருமி இல்லை, சிலருக்கு இப்படி நோவு தங்கிவிடுவது உண்டு, காரணம் எங்களுக்கே சரியாகப் பிடிபடுவதில்லை, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் காரணம் தெரியாமல் மறுபடி திறந்தால் நோவு கூடினாலும் கூடும் என்றார். அதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும், எனக்கோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. வெளியே வந்து அம்மாவுக்குப் பாதாம்பால் வாங்கிக்கொடுத்தேன். ஆகவே இரண்டாவது ஆபரேஷன் பேச்சை இத்தோடு விடு. எங்கே பழுது என்று தெரியாமல் ஓடுகிற மெஷினைப் பிரிக்க நான் யாரையும் விட்டதில்லை.

அதற்காக நான் மூலையில் கிடந்து முனகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. ஐந்து நிமிஷ நடை, பத்து நிமிஷம் உட்காருவது, இதுதான் இப்போது என் கணக்கு. வீட்டிலிருந்து கோயிலுக்கு முன்பு ஏழு நிமிஷத்தில் போய்விடுவேன், வழியில் யாரையும் தெரியாது. இப்போது சைக்கிள் கடை பெஞ்சு, மாவு மில் படி, டீக்கடை ஸ்டூல் என்று உட்கார்ந்து உட்கார்ந்து முக்கால் மணி ஆகிறது, ஆனால் நம் ஓ.டி. ஏரியா முழுக்க யார் வீட்டில் வளைகாப்பு, யார் வீட்டில் சண்டை என்று எனக்குத் தெரியாத சேதி இல்லை. அம்மாவே இப்போது என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். மீன்காரக் கன்னியம்மாள் கூடையில் மிச்சமிருக்கும் ஐஸைக் கவரில் போட்டுத் தருகிறாள், நைனா முட்டிக்கு வச்சிக்கோ என்று. வைத்தால் எரிச்சல் நன்றாக அடங்குகிறது. அதிலிருந்து தெருப்பூனை ஒன்று என் இடது காலையே சுற்றிச்சுற்றி வருகிறது, முட்டியில் வஞ்சிரம் வாசனை. அம்மா நான் குளித்தாலொழிய பக்கத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள்.

இனி முக்கியமான சேதிக்கு வருகிறேன். உன் கடிதம் படித்த பிறகு எனக்கும் ஒரு பயம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். நிஜமாகவே உன்னைப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியுமா, நடுவில் கால் மடங்கி அத்தனை பேர் முன்னால் விழுந்து உன் நல்ல நாளைக் கெடுத்துவிடுவேனோ என்று. பேசிக்கொண்டிருந்தால் ஆகாது, அளந்து பார்த்துவிடலாம் என்று நேற்று மத்தியானம் கோயில் காலியாக இருக்கும் நேரத்தில் உத்தமனைக் கூட்டிக்கொண்டு போனேன். கைத்தடியை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, நீதான் பொண்ணு, என் கையைப் பிடி என்றேன். இன்னா அண்ணாத்தே, பொண்ணு குனிஞ்சிகினு நடக்கணுமா நிமுந்துகினு நடக்கணுமா என்று கேட்டு, தோளில் கிடந்த துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டான். முதல் தடவை அவன் என் வலது பக்கம் வந்தான். ஏழாவது பெஞ்சிலேயே கால் மடங்கி நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது ஞானம், உன்னிடம் சொல்கிறேன். அவன் விடவில்லை, திரும்ப வாசலுக்குக் கூட்டிப்போய், நோவுற பக்கம் நான் வரேன், என் மேல சாஞ்சிக்கோ என்று இடது பக்கம் மாறி, விரலால் இல்லை, முழங்கை வரைக்கும் கையைக் கொடுத்தான். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் ஐம்பத்திரண்டு அடி. நோவு அத்தனை அடியிலும் இருந்தது. ஆனால் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டேன். போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், சனிக்கிழமை கூட்டிப் பெருக்க வந்த பெண்கள் நாலு பேர் துடைப்பமும் கையுமாக வாசலில் நிற்கிறார்கள், முன்னால் உன் அம்மா. சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் அழுதாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொண்ணு நல்லாத்தான் கீது, மீசைய மட்டும் எடுத்துட்டா போதும் என்றாள். மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ நாளாயிற்று.

அந்தச் சூட்டோடு அப்படியே சாமியாரைப் பார்த்து, ஈஸ்டர் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று வாரம் பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கச் சொல்லிவிட்டேன். மே 20, புதன்கிழமை, காலை பத்தரை மணி. மாற்றம் இல்லை. மாற்ற வேண்டுமென்றால் நீ சாமியாருக்குத்தான் எழுத வேண்டும், என்னிடம் செல்லாது. லீவுக்கு நாளைக்கே எழுதிப் போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, கல்யாணப் பெண் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினால் ஆவடிக்காரர்கள் எங்களைத்தான் பேசுவார்கள். அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே அனுப்ப மாட்டாளாம், வந்து சாப்பிடு என்கிறாள்.

ஆண்டவர் உன்னைக் கண்மணி போலக் காக்கட்டும். மாதா உன் கூடவே இருந்து வழிநடத்தட்டும். அப்பாவும் அம்மாவும் உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கல்யாணத்துக்குக் குதி உயர்ந்த செருப்பு வாங்காதே, தட்டையாக வாங்கு, நான் உன் மேல் சாயவேண்டும். என் இடது பக்கம் வா. உன் கையை நான் அழுத்திப் பிடித்தால் பயந்து என் முகத்தைப் பார்க்காதே, நேராகப் பார்த்து நட, போட்டோக்காரர் அவசரப்படுத்தினாலும் மெதுவாகவே நட. பீடத்துப் படியில் உன் கையை எடுத்துப் பால்ராஜ் தம்பி கையில் கொடுத்த பிறகு என் இடது பக்கம் காலியாகிவிடும். அந்த இடத்தில் வந்து நிற்கச் சொல்லி அம்மாவைக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
பாஸ்கல்