அரை வருடத்துக்கு வந்த யூனிட்டுகள்

டுலூத்,
ஜனவரி 21

அன்பு மகள் கைசாவுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அரிசோனா வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஏரி கரையோரம் உறைந்துவிட்டது. போனில் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கவலை தீர்ந்துவிட்டது, அதனால்தான் இப்போது எழுதத் துணிகிறேன். அம்மாவைக் கவனிக்க வரும் ரோசலினுக்கு ஏஜென்சி புதிய நேர அட்டவணை போட்டு அனுப்பியது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வந்தவள் இனி திங்களும் வியாழனுமாக ஆறு மணி நேரம்தான் என்றும், சனிக்கிழமை கிடையாது என்றும் அதில் இருந்தது. சனிக்கிழமை சவுனாவின் நீராவியில் உட்காராவிட்டால் ஞாயிறு பிறந்ததாகவே அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்த பிறகு சூட்டைக் குறைத்துக்கொண்டு உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் அவளைத் தூக்கி நிறுத்தவே என் ஒருவனால் ஆவதில்லை. அவள் நேரத்துக்குப் பணம் தரும் அரசுதான் குறைத்துவிட்டது என்று நினைத்தேன், கேட்கத் தயங்கினேன், கடைசியில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு ஒரு கட்டில் கேட்டுப் பெயரும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள்.

புதன்கிழமை அரசின் அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மணிக்கணக்கு இல்லை, யூனிட்தான், ஒரு யூனிட் என்பது கால் மணி நேரம். 1,248 யூனிட்டுக்கு 312 மணி நேரம் ஆகிறது. வருடத்தின் ஐம்பத்திரண்டு வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஆறுதான். ஆனால் கடிதம் ஜனவரி முதல் ஜூன் வரை மட்டுமே, இருபத்தாறு வாரம், அப்படியானால் பன்னிரண்டு வரவேண்டும். நான்தான் தப்பாக வகுக்கிறேனோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் ரோசலினிடம் காட்டினேன். "எனக்குக் கணக்கு வராது ஆர்னோ சார், ஏஜென்சிக்கு டயல் பண்ண வரும், பண்ணித் தரவா" என்று சிரித்தாள். அம்மா படுத்தபடியே, "கவுன்டி முழுக்க நிலம் அளந்த ஆளு, ஆபீஸ்ல இருக்குற ஒரு பொம்பளகிட்ட பேச நடுங்குறதப் பாரு. போனைக் கொண்டா, நான் பேசுறேன்" என்றாள். அவள் பேச்சு இன்னும் குழறுகிறது, அதனால் நானே பேசினேன். அட்டவணை போடும் பெண் முதலில், "கம்ப்யூட்டர்ல ஆறுன்னுதான் சார் காட்டுது" என்றாள். தேதியை மட்டும் ஒரு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஜனவரி முதல் ஜூன் வரை என்று வாசித்தாள். பிறகு, "போன தடவை ஒரு வருஷத்துக்கு வந்துச்சு, அதே மாதிரி போட்டுட்டேன். நீங்க கேக்கலன்னா ஜூன்ல பாதி யூனிட் வீணாப் போயிருக்கும்" என்றாள். பழையபடி பன்னிரண்டு மணி நேரமும் சனிக்கிழமையும் உண்டாம், விட்டுப்போன நேரத்தையும் வரும் வாரங்களில் சேர்த்துத் தருகிறாளாம். எதற்கென்று தெரியவில்லை, நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இல்லத்துக்கும் போன் செய்து கட்டில் வேண்டாம் என்றேன், அம்மா காதில் விழாதபடி அடுப்படியில் நின்று. சனிக்கிழமை ரோசலினும் நானும் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் சவுனாவின் கீழ்ப்பலகையில் உட்கார வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு இருந்தவள், "அந்தக் கட்டில் வேண்டாம்னு சொல்லிட்டியா" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "சரி, சுடுற கல்லு மேல தண்ணி ஊத்து, ஆவி வரட்டும்" என்றாள்.

மே மாதம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், நான் தயங்கினால் நீ போனில் விரட்டு. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், அம்மாவின் முத்தங்களும் இதோடு.

உன் அப்பா,
ஆர்னோ