சூடான் களி

அக். 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. யூனிஃபார்ம் ரெண்டும் கொடியில ஈரமாவே கிடக்கு. லீவு இன்னும் இருக்கு, எதுக்கு இப்பவே துவைச்சேனோ.

வந்த நாளா ஒரே கேள்வி. பெரியம்மா, எதிர் ஊட்டு அக்கா, கரும்பு வெட்ட வந்தவங்க வரைக்கும். "அங்க என்னத்த சாமி தின்ன?" சூடான்ல என்ன சண்டை, ஐ.நா. படைன்னா என்ன, பொம்பளப் புள்ள துப்பாக்கி வச்சுக்கிட்டு என்ன செஞ்ச, எதுவும் வேண்டாம். சோறு மட்டும்.

சொன்னது:
கிஸ்ரா. புளிச்ச சோள மாவுல காகிதமாட்டம் தோசை.
ஃபூல். மொச்சை மாதிரி ஒண்ணு, வேகவச்சு மசிச்சு நல்லெண்ணெய் ஊத்தி.
செம்பருத்தி டீ. பல் கூசற புளிப்பு.
அசீதா. நம்ம சோளக் களியேதான். வெண்டைக்காய் வத்தலப் பொடிச்சு, கடலக்காய் அரைச்சுவிட்டுக் குழம்பு.

சொல்லாதது: இதுல ஒண்ணக்கூட தனியா சாப்பிடல.

முதல் நாள் சந்தையில ரோந்து. அச்சோல்னு ஒரு அம்மா கடை. கடைன்னா மேல ஒரு தார்ப்பாய், கீழ ரெண்டு அடுப்பு. பின்னாடி யாரோ மிளகாய்ப் பொடியத் தொட்டு நாக்குல வச்சுட்டு, "அடங்கொப்பா!" திரும்பிப் பார்த்தா நம்ம படை ஆள்தான். தண்ணி லாரி டிரைவர்.

"நீங்க எந்த ஊருங்க?"

"ஆட்டையாம்பட்டிங்க. நீங்க?"

"மோகனூர்."

கண்ணுல தண்ணியோட சிரிச்சார். செல்வராசு. அவ்வளவு கடல் தாண்டிப் போய், ரெண்டு பஸ் தூரத்து ஆளு.

அடுத்த லீவுக்கு ஒண்ணா வந்து, கட்டிக்கப் போறோம்னு ரெண்டு ஊட்டுலயும் சொல்றதா இருந்தோம். அவங்க வேற ஆளுங்க, நாங்க வேற. ரகளை ஆகும்னு தெரியும். "ஊர் உலகத்துக்கே சமாதானம் பண்ண வந்திருக்கறோம், மோகனூர்ல பண்ண முடியாதுங்களா?" அவர்தான் சொன்னார்.

போன மழைக்காலத்துல அவர் லாரி மண் ரோட்டுல சரிஞ்சு வெள்ளத்துக்குள்ள போயிருச்சு. வெளிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சது. பெட்டி ஆட்டையாம்பட்டிக்கு வந்து சேர்ந்த அன்னைக்கு எனக்கு சூடான் கேம்ப்புல கேட் டியூட்டி. நின்னேன்.

போகணும். அவங்க ஊட்டுக்குப் போகணும்.

அக். 10, வெள்ளி

மழை இல்ல. புழுக்கம்.

செல்வராசோட அப்பாவுக்கு போன். கூட வேலை பார்த்தவ, லீவுல வந்திருக்கேன், பார்க்கணும்னு மட்டும் சொன்னேன். பின்னால தறி ஓடற சத்தம். கொஞ்சம் இருங்கன்னு வெளிய வந்து பேசினார்.

"வாங்க சாமி, தாராளமா வாங்க. ஒண்ணே ஒண்ணு. அவங்கம்மா கேக்கும். கடைசியா சாப்பிட்டானான்னு. வர்றவங்க போறவங்க எல்லாத்தையும் கேக்குது. சாப்பிட்டான்னே சொல்லிருங்க."

சரிங்கன்னு சொன்னேன்.

அம்மாகிட்ட: சேலத்துல ஃப்ரெண்டு ஊட்டுக்குப் போறேன்.
"தீபாவளிக்குத் துணி எடுக்கவா?"
"ஆமா."

என்ன வாங்கிட்டுப் போறது? ஆப்பிள்? சாவு ஊட்டுக்கு இத்தனை மாசம் கழிச்சுப் போறப்ப என்ன வாங்குவாங்க? தெரியல. கேக்கவும் ஆள் இல்ல. ஆப்பிளே.

கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்த்தேன். சாப்பிட்டாருங்க. நல்லா சாப்பிட்டாருங்க.

அக். 11, சனி

நாமக்கல், ராசிபுரம், அங்க மாறி ஆட்டையாம்பட்டி. பஸ்ல பக்கத்துல ஒருத்தர் முறுக்கு மூட்டையோட. செ. லீவு முடிஞ்சு வந்தப்போ ஒரு டின் கொண்டாந்தார். அச்சோல் கையில ஒண்ணு குடுத்தோம். வளையல்னு நினைச்சுப் போட்டுப் பார்த்துச்சு.

ஊடு சந்துக்குள்ள. முன் ரூம்ல ரெண்டு தறி. நான் போனதும் நிறுத்திட்டாங்க. நிறுத்தினதும் அப்படி ஒரு அமைதி. போட்டோ, மாலை, சீரோ வாட் பல்பு. அந்த போட்டோவுல அவர் மாதிரியே இல்ல.

அவங்கம்மா சின்ன உருவம். கையில நூல் தூசி. உக்காரச் சொன்னாங்க, காப்பி குடுத்தாங்க. அப்பறம் நேரா:

"எம்பட பையன் அங்க என்ன சாமி தின்னான்?"

சொன்னேன். களின்னதும் நிமிர்ந்தாங்க.

"களியா? இங்க களி கிண்டுனா தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவான். நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

"இல்லீங்க, அவர்தான். நடுவுல குழி பண்ணி, கொழம்ப அதுல ஊத்தி, ஓரத்துல இருந்து சாப்பிட்டுட்டு வருவாருங்க."

என்னையே பார்த்தாங்க.

"கடைசியா? அன்னைக்கு சாப்பிட்டானா?"

அவங்கப்பா என் மூஞ்சியப் பார்க்கறார். வாய்க்குள்ள வச்சிருந்தேன் அந்த வார்த்தையை. வரல.

"இல்லீங்கம்மா."

அவங்கப்பா எழுந்து வெளிய போயிட்டார்.

நடந்ததச் சொன்னேன். அச்சோல் அசீதா கிண்டி வச்சிருந்துச்சு. நாங்க ரோந்துல இருந்த பொண்ணுங்க உக்காந்துட்டோம். செ. லாரிய நிறுத்தி எட்டிப் பார்த்தார். வானம் கருக்குது, அடுத்த ஊருல தண்ணி இல்லாம இருக்காங்க, ஊத்திட்டு வந்தர்றேன், மூடி வைங்கன்னார். மூடி வச்சோம்.

"பசியோட போயிருக்கான்."

அழுகை இல்ல. அதையே மறுபடி சொன்னாங்க. பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் நாக்க அறுத்துப் போடணும்போல இருந்துச்சு.

அப்பறம் எழுந்து சேலைய இழுத்துச் செருகினாங்க. "அத எனக்குச் செஞ்சு காட்டு வா." அதுவரைக்கும் நீங்க, வாங்க. அப்பத்தான் நீ.

சோள மாவு இல்ல. பக்கத்து ஊட்டுல மாட்டுக்கு வச்சிருந்த சோளத்துல ரெண்டு படி வாங்கிப் புடைச்சு மிக்ஸியில அரைச்சோம். வெண்டை வத்தல் அவங்ககிட்டயே இருந்துச்சு. கடலக்காய் நான் வறுத்தேன், அவங்க தோல் ஊதினாங்க. புளி போடட்டுமான்னாங்க. அங்க போட மாட்டாங்கன்னேன். மஞ்சள்? அதுவும் இல்லீங்க. "இதென்ன கொழம்பு, பத்தியமாட்டம்." களிய நான் கிண்ட, சட்டி நகராம அவங்க புடிச்சுக்கிட்டாங்க.

வாழை இலையில போட்டோ முன்னாடி வச்சாங்க. நடுவுல குழி அவங்களே பண்ணினாங்க. அவங்கப்பாவைக் கூப்பிட்டாங்க, வந்து நின்னார். சாம்பிராணி.

அப்பறம் மூணு பேரும் சாப்பிட்டோம். அவங்கப்பா ரெண்டு வாய்க்கு மேல முடியல. அந்தம்மா முழுசா சாப்பிட்டு, விரலையும் வழிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்குது. நான் கிண்டுனா மட்டும் புடிக்கல அவனுக்கு"ன்னாங்க, அப்பத்தான் உடைஞ்சாங்க. நான் அவங்க எச்சில் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கிளம்பறப்ப குங்குமச் சிமிழ எடுத்தாங்க. திறந்துட்டு நின்னுட்டாங்க.

"எந்த ஊரு உனக்கு?"

"மோகனூருங்க."

"கரும்புக்காடு வச்சிருக்கற ஆளுங்களா?"

"ஆமாங்க."

தலைய ஆட்டினாங்க. நெத்தியில வச்சுவிட்டாங்க. "நல்ல எடமாப் பார்த்துக் கட்டிக்க சாமி. சொல்லியனுப்பு. ஓரமா நின்னு பார்த்துட்டு வாரேன்."

சந்து முக்கு திரும்பற வரைக்கும் தறி ஓடல.

அக். 12, ஞாயிறு

தலைவலி. நாள் பூரா படுக்கை. காய்ச்சலான்னு அம்மா நெத்தியத் தொட்டாங்க.
"துணி எங்க?"
"எடுக்கல."
மத்தியானம் கோழிக் குழம்பு. ஒரு வாயோட எழுந்துட்டேன்.

அக். 13, திங்கள்

நல்ல வெயில். யூனிஃபார்ம் காஞ்சுது. அப்பா கரும்பு கட்டிங் ஆர்டருக்கு மில்லுக்குப் போயிட்டார்.

அம்மா புளி கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க. பக்கத்துல உக்காந்து நானும் எடுத்தேன். எடுத்துக்கிட்டே சொல்லிட்டேன். எல்லாம். சந்தை, மிளகாய்ப் பொடி, லாரி, ஆட்டையாம்பட்டி.

முதல் கேள்வி: "என்ன ஆளுங்க?"

செத்துப் போனவரப்பத்தி முதல் கேள்வி.

சொன்னேன். அம்மா கை நிக்கல. கொட்டை தனியா, புளி தனியா. ரொம்ப நேரம் கழிச்சு, "அப்பங்கிட்ட வாயத் திறக்காத."

எழுந்து போய் ஆத்தங்கரையில உக்காந்திருந்தேன். தண்ணி நிறையப் போகுது.

அக். 14, செவ்வாய்

அம்மா காலையிலயே எண்ணெய் காய்ச்சி வச்சுட்டு, "வா, தலைக்கு வைக்கறேன்." நேத்துல இருந்து பேசின முதல் பேச்சு.

முன்னாடி உக்காந்தேன். அழுத்தித் தேய்ச்சாங்க, சின்னதுல தேய்ச்ச மாதிரி. உச்சியில, காதோரம், பிடரியில. கை நின்னுச்சு.

"அந்தம்மா உன்ன ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல. குங்குமம் வச்சுவிட்டாங்க."

"நானா இருந்தா சொல்லியிருப்பேன். அவன் நம்ம வாசல்ல வந்து நின்னிருந்தா, என்னென்னவோ சொல்லியிருப்பேன்."

இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தினாங்க. ரொம்ப அதிகம், கழுத்துல வழிஞ்சுது. துடைக்கல. ரெண்டு கையையும் என் தலை மேல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க.