துக்க வீட்டு முன்னால் கூவக் கூடாது

டீச்சரே,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, தோலை நகத்தால் கீறி மோந்து பார்த்தவள், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரன் நான் விலைக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டான். "இன்னாமா இது, ஒரு பழத்துக்கா இந்த அழுவ அழுவுற? எட்த்துக்கினு போ" என்று இரண்டு பழத்தைக் கூடையில் போட்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டேதான் வந்தேன், ஆனால் பழத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் என்னைத் திரும்ப விரட்டியிருப்பாய்.

அதில் ஒன்றின் அரை மூடி இதோ என் பக்கத்தில் இருக்கிறது. கையைத் தேய்த்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் வீட்டுத் தெரு ஜன்னலில், கம்பிக்கு உள்பக்கம், ஒரு சாஸரில் எப்போதும் இதே மாதிரி ஓர் அரை மூடி கவிழ்ந்து கிடக்கும். "தேய்ச்சுட்டுத் தொடுடி" என்பாய். நீ எழுதி முடித்த காகிதத்தை மடித்து உறையில் போடுவது என் வேலை. துக்க வீட்டுக்குப் போகிற காகிதத்தில் மீன் வாடை வரக் கூடாது என்பது உன் சட்டம். அழுது அழுது அவர்களுக்கு மூக்கு அடைத்திருக்கும், வாடை எங்கே தெரியப் போகிறது என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். நீ மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தோள் குலுங்கியது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயோ.

இரண்டாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அதற்குமேல் எனக்குக் கூடை வந்தது, உனக்குப் புத்தகம் வந்தது. நீ அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாய். நான் அதே சாந்தோம் தெருக்களில் மீன்காரி ஆனேன். ஊர் உன்னை மரியாதையாக டீச்சரம்மா என்றது. நான் டீச்சரே என்றது கிண்டலுக்கு. அதற்குப் பழிவாங்க நீ என்னை வாயாடி என்றாய். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை, உண்மை.

யுத்தம் வந்ததும் உன் ஜன்னலுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ரங்கூனில் இருந்தவர், கப்பலில் போனவர், பம்பாயில் காய்ச்சலில் கிடந்தவர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவுச் சேதி வந்தது. அங்கே இருக்கிற உறவுக்கு இங்கிருந்து ஆறுதல் எழுத வேண்டும். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தாங்களே எழுதுகிறவர்கள்கூட, சாவு என்றதும் பேனாவைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். தபால் எழுத எனக்குத் தெரிந்ததெல்லாம் 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்' என்பதுதான். அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டால் தபாலில் மிச்சம் என்ன இருக்கும் என்று உன்னைக் கேட்டேன். நீ சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "எல்லாரும் சாவைப் பத்தியே எழுதுறாங்கடி. செத்தவரைப் பத்தி ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க."

அப்படித்தான் நான் உன் உத்தியோகத்துக்குள் நுழைந்தேன். போனவர் எப்படிப்பட்டவர் என்று நீ கேட்பாய். எனக்கு என்ன தெரியும்? எந்த வீட்டில் எந்த மீன் வாங்குவார்கள் என்று தெரியும். அதைச் சொன்னேன். உங்கள் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் போனபோது, அவர் வஞ்சிரத்தின் நடுத்துண்டில் விரலை வைத்து "இது வால்தான்" என்று வால் விலைக்குக் கேட்டு வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொன்னேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். நீ அதை அப்படியே பெங்களூரில் இருந்த அவர் மகளுக்கு எழுதிவிட்டாய். துக்கத்தில் இருக்கிறவளுக்கு மீன் கதையா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் ஊருக்கு வந்தாள். விசாரித்துக்கொண்டு என் கூடைக்கு முன்னால் வந்து நின்று, "அப்பா எந்த இடத்துல விரல் வெப்பாரு?" என்று கேட்டாள். காட்டினேன். அவளும் அதே இடத்தில் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை. வெயிலில் மீன் காய்கிறதே என்று சொல்ல வந்த என் வாய், என் வாயே, அன்றைக்கு மூடிக்கொண்டது.

எனக்கென்று துக்கம் கேட்கிற முறை ஒன்று உண்டு, அது உனக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பில் மீன் ஏறாது. அதனால் அந்தத் தெருமுனையிலேயே கூவுவதை நிறுத்திவிட்டு, வாசலைத் தாண்டும்வரை சத்தம் காட்டாமல் நடப்பேன். ஐயர்மார் குடியிருக்கிற மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வாயை மூடிக்கொண்டுதான் போவேன், ஆனால் அது பயம். இது வேறு. வாயாடி வாயை மூடிக்கொண்டு போகிறாள் என்றால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே தெரிந்துகொள்ளும். நீ அதைப் பார்த்துவிட்டு, "நான் பக்கம் பக்கமா எழுதுறதை நீ நடந்தே சொல்லிடுறடி" என்றாய். அன்றைக்கு நான் கூடுதலாக ஒரு கை காரப்பொடி மீன் போட்டேன்.

காரப்பொடி. நாள் தவறாமல் என் முதல் போணி உன்னுடையது. முள்ளும் செதிலுமாக இருக்கிற அந்தப் பொடி மீனில் ஒரு கூறு வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பாய், நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். டீச்சர் சம்பளத்துக்குக் காரப்பொடிதான் கட்டும் என்று கேலி செய்வேன். உன் கை ராசி, அன்று கூடை காலியாகிவிடும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம், சாந்தோமில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு முன்னால் நின்று கூவிக்கொண்டு போனேன், பழக்கம் விடவில்லை. உன் கதவுதான் திறந்தது. "நீ ஓடலயா?" என்று கேட்டேன். "நான் ஓடிட்டா உனக்குப் போணி யாருடி பண்றது?" என்றாய்.

அந்த மழைக்காலத்தைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கட்டுமரம் கரைக்கு வந்தது. என் மூத்தவன் வரவில்லை. குப்பமே என் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது. நீயும் வந்தாய். ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதியவள் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாய். கோபம்கூட வந்தது எனக்கு. காரியம் முடிந்து, சின்னதுகளுக்குச் சோறு வேண்டுமே என்று கூடையைத் தூக்கியபோது எனக்குத் தொண்டை எழும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கூவாத மீன்காரியிடம் யார் மீன் வாங்குவார்கள்?

பள்ளிக்கூட லீவு நாள் அது. தெருமுனையில் நீ நின்றுகொண்டிருந்தாய். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் குடை. என் முன்னால் நடக்க ஆரம்பித்தாய். முதல் வீடு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "மீனு" என்றாய். கூவல் இல்லை அது, வகுப்பில் ஆஜர் பட்டியல் வாசிக்கிற குரல். கூப்பிட்டுவிட்டு, யாரோ எழுந்து 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லப் போகிற மாதிரி கொஞ்சம் நின்றாய். கதவு திறந்தது. டீச்சரம்மா மீன் விற்கிறாரே என்று பார்ப்பதற்கே எல்லாக் கதவும் திறந்தது. லீவு முடியும்வரை அப்படியே போனோம். கூடையில் சங்கரா மீன் இருந்த ஒரு நாள் நீ "சங்கரா" என்று கூப்பிட்டு நிற்க, அந்தப் பெயர்க்காரர் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்து "என்ன டீச்சர்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். மகன் போனபிறகு முதல் சிரிப்பு. பாவி, எனக்கு அப்போதுதான் தொண்டை திறந்தது.

இப்போது நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. கல்லறைக்குக் கொண்டு போனபோது தெருவே பின்னால் வந்தது. உன் ஜன்னலுக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். வராதவள் உன் தங்கை ஒருத்திதான். திருச்சிப் பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கிறவளுக்கு, கூடப் பிறந்தவள் சாவுக்குக்கூட வெளியே வர மடத்துச் சட்டம் விடாதாம். முகமும் பார்க்கவில்லை, ஒரு பிடி மண்ணும் போடவில்லை. கோயில் சாமியார் அவளுக்கு முறைப்படி நாலு வரி எழுதினார். கடைசிப் பூசுதல் பெற்றாள், நல்ல மரணம் அடைந்தாள் என்று. அதற்குப் பதில் வந்ததாகக் கோயில் உபதேசியார் என்னைத் தேடி வந்து சொன்னார். அக்காவின் தபாலில் எல்லாம் வருகிற அந்த மீன்கார அக்காவை எழுதச் சொல்லுங்கள், அக்கா எப்படி இருந்தாள் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

நான் எழுதுவதா! கோணல் எழுத்து போகட்டும், எதை எழுதினாலும் கிண்டலாக வந்தது. முதல் காகிதத்தில் 'இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்று எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். கிழித்தேன். அவளுக்கு அக்காவென்று இனிமேல் கிடைக்கப் போவது இந்தக் காகிதம்தான் என்று நினைத்தால் பேனா நகரவில்லை. கடைசியில் உன் வழிக்கே வந்தேன். 'உன் அக்காவுக்குக் காரப்பொடி என்றால் உயிர்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்குமே என்று உன் மாடியில் குடியிருக்கிற அம்மாவிடம் காட்டினேன். படித்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"டீச்சர் மீன் சாப்பிட மாட்டாங்களே. வாடையே ஆகாது அவங்களுக்கு. வாங்கினதும் சட்டியோட எங்ககிட்ட குடுத்துடுவாங்க. தலையெல்லாம் அவங்க பூனைக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எந்த வீட்டு அடுப்பில் எந்த மீன் கொதிக்கிறது என்று தெரிந்தவளுக்கு உன் அடுப்பில் ஒரு நாளும் மீன் ஏறியதில்லை என்று தெரியாது. அந்த எலுமிச்சம்பழம் காகிதத்துக்காக என்றாயே. உன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், உன்னைத் திட்டினேன். மாடிக்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தக் காகிதத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அது சின்னதாகத்தான் வந்தது. 'தங்கச்சி, உன் அக்காவுக்கு மீன் வாடை ஆகாது. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போதுதான் தெரியும். எனக்காகத் தினமும் மீன் வாங்கினாள். என் மகன் போனபோது எனக்குத் தொண்டை இல்லை, அவள் என் முன்னால் நடந்து தெருத்தெருவாக மீன் கூவினாள். கூடை அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தவில்லை. உன் அக்கா இப்படி இருந்தாள்.' இவ்வளவுதான். கையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, மடித்து, உறையில் போட்டேன். நேற்று லஸ் முனையில் தபால் பெட்டியில் போட்டாயிற்று.

உன் கண்ணாடியைப் பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புத்தகம் கோயிலுக்குப் போயிற்று. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னிடம் உன்னுடையது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கூவிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தவள் நான். நீ கூவிக் காட்டியதிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் கூவிவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். உள்ளே இருப்பவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வர அந்த நேரம் வேண்டியிருக்கிறது.

இன்று காலை உன் தெருவுக்குள் நுழைந்தேன். நீ போனது முதல் செய்கிற மாதிரியே முனையிலேயே வாயை மூடிக்கொண்டேன். துக்க வீட்டு முன்னால் கூவக் கூடாது. நடந்தேன். உன் வாசல் வந்ததும் கால் நின்றது, வாய் தானாகத் திறந்துகொண்டது. "டீச்சரே, காரப்பொடி கீது, வா" என்று தெருவே கேட்கிற மாதிரி கூவிவிட்டேன். கூவிவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் நின்றேன். மாடிக்காரம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர் இல்லையே" என்றாள். தெரியும் என்றேன். அதற்குள் உன் பூனை கூடையில் தலையை விட்டு ஒரு காரப்பொடியைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. இன்றைக்குப் போணி பூனைதான்.